தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு: நாங்கள் தடுக்கி விழுந்த இடங்கள்

எங்கள் மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஆறரை வயது. அதற்கு முன் நாலு வருடத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். அதில் பெரும்பகுதி அரசு எடுத்துக்கொண்ட காலம் இல்லை, நாங்களே வீணாக்கியது. தலைப்பெழுத்து பொருந்தாத ஆதார், பதிவு செய்யாத கல்யாணம், ரீசார்ஜ் செய்யாத சிம், "கைக்குழந்தைதான் வேணும்" என்ற பிடிவாதம் என்று ஒவ்வொன்றும் சில மாதங்களைத் தின்றது. உங்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விதிகள் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி உள்ளவை. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் காராவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காரா என்பது தத்து விஷயங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. அதன் பதிவு இணையதளத்தை எல்லோரும் கேரிங்ஸ் என்பார்கள்.

1. தத்தா, வளர்ப்புப் பராமரிப்பா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

இரண்டுக்கும் போகிற அலுவலகம் ஒன்றுதான். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அது. பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். ஆனால் சட்டப்படி இரண்டும் வேறு வேறு. தத்தெடுத்த குழந்தைக்குப் பெயர், சொத்து, வாரிசுரிமை எல்லாம் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு உள்ளது போலவே உண்டு. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை உங்கள் வீட்டில் வளரும், உங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், ஆனால் அது குறித்த முடிவு குழந்தைகள் நலக் குழுவின் கையில் இருக்கும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட குழு அது. பெற்றவர்களின் நிலைமை சீரானால் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகலாம்.

என் சித்தி மகளும் அவள் கணவரும் இந்த இரண்டாவது வழியில் பத்து வயதுப் பையன் ஒருவனை வளர்க்கிறார்கள். அவள் சொல்லித்தான் இந்த விவரங்கள் எனக்குத் தெரியும். குழந்தைகள் இல்லங்களில் இருக்கும், 6 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான் இந்த ஏற்பாடு. விண்ணப்பத்தைப் பாதுகாப்பு அலகில் கேளுங்கள், கேரிங்ஸ் தளத்திலும் பதியலாம். தம்பதி என்றால் குறைந்தது இரண்டு வருடத் திருமண வாழ்க்கை இருக்க வேண்டும், இருவர் வயதையும் கூட்டினால் 70க்குக் குறையக் கூடாது. 2024இல் வந்த வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு, தனியாக இருப்பவர்களும் 35 வயதிலிருந்து 60 வயது வரை விண்ணப்பிக்கலாம். தனி ஆண் என்றால் ஆண் குழந்தை மட்டும்தான். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார், ஒப்புதல் குழு பரிசீலிக்கும், கடைசியில் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடும். குழந்தை சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்றதாக இருந்து, உங்களோடு இரண்டு வருடம் நல்லபடியாக வளர்ந்திருந்தால், அதே குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இதற்கு ஐந்து வருடம் ஆக வேண்டியிருந்தது.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. சித்தி மகளுக்கு முதல் தவணை வர ஏழு மாதம் ஆனது. "அதை நம்பி ஸ்கூல் ஃபீஸ் கட்ட உக்காந்திருந்தா அவ்வளவுதான்" என்பாள். பணம் வந்தால் பிள்ளையின் கணக்கில் கிடக்கட்டும், வீட்டுச் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

குழந்தை திரும்பிப் போகக்கூடும் என்ற நினைப்போடு சோறு ஊட்ட முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். எங்களால் முடியாது என்று தெரிந்ததால் தத்துப் பக்கம் போனோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சீக்கிரம் கைக்குழந்தை கிடைக்கும் என்ற எண்ணத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்காதீர்கள். அங்கே கைக்குழந்தை கிடையாது.

இனி வருவதெல்லாம் தத்து வழி.

2. வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

தம்பதிக்கு இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். 2 வயதுக்குள் குழந்தை என்றால் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வரை 90, 4 முதல் 8 வரை 100, 8 முதல் 18 வரை 110. தனி நபருக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. குழந்தைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வருட இடைவெளி வேண்டும். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, தனிப் பெண் எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள், தத்தெடுக்கக் குடும்பம் கிடைக்கச் சிரமப்படும் குழந்தைகள் ஆகியோருக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

மதம் தடையில்லை. சொந்த வீடு கேட்பதில்லை. இவ்வளவு சம்பளம் என்று வரம்பும் கிடையாது, குழந்தையை வளர்க்கும் வசதி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நாங்கள் இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் இருக்கும் அண்ணன் முகவரியைக் கொடுத்துப் பதியாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் அனுமதி பெற்ற முகமை வழியாகத்தான் வர வேண்டும், மாற்றிச் செய்தால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

3. பதிவதற்கு முன்பே காகிதங்களைச் சேருங்கள்

நாங்கள் உற்சாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதிவு செய்துவிட்டு, அப்புறம் காகிதம் தேடினோம். பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். எங்களால் முடியவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகு கணினி முன்னால் உட்காருங்கள்.

தேவைப்படுபவை இவை:

- குடும்பப் புகைப்படம்
- பான் கார்டு
- பிறந்த தேதிச் சான்று
- முகவரிச் சான்று
- கடந்த ஆண்டு வருமானச் சான்று (சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வட்டாட்சியர் தரும் சான்றிதழ், இவற்றில் ஒன்று)
- திருமணச் சான்றிதழ். விவாகரத்து ஆனவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு, துணையை இழந்தவர்களுக்கு இறப்புச் சான்றிதழ்
- மருத்துவரின் உடல்தகுதிச் சான்றிதழ்
- தெரிந்தவர்கள் அல்லது உறவினர்கள் இருவர் தரும் பரிந்துரைக் கடிதங்கள்

தனி நபர் என்றால், உங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறவினர் ஒருவரின் உறுதிமொழியும் வேண்டும்.

இதில் நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, தலைப்பெழுத்து. என் ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து மட்டும். பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயர் என் பெயருக்குப் பின்னால். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், அதுவும் இரண்டு எழுத்தாக. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ரேஷன் கார்டில் கணவர் பெயர். நான்கு காகிதத்திலும் நான் நான்கு பெண்கள். ஆதாரையும் பானையும் ஒன்றாக்க ஐந்து வாரம் ஆனது. பதிவுக்கு முன்னால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பொறி கல்யாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டதோடு நாங்கள் விட்டிருந்தோம். பத்திரிகையும் போட்டோவும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சாட்சிகளைக் கூட்டிப்போய்ப் பதிவை முடிக்க இரண்டு மாதம் ஆனது. கல்யாணத்துக்குச் சாட்சியாக வந்த பெரியப்பா அதற்குள் காலமாகியிருந்தார், வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

உடல்தகுதிச் சான்றிதழ் பற்றி ஒன்று. கணவருக்குச் சர்க்கரை உண்டு. அதை மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம். எங்கள் குடும்ப மருத்துவர் திட்டிவிட்டு, "கட்டுப்பாட்டில் உள்ளது, குழந்தை வளர்க்கத் தகுதியானவர்" என்று உள்ளபடி எழுதித் தந்தார். யாரும் அதை ஒரு குறையாகக் கேட்கவில்லை.

4. பதிவு: பத்து நிமிட வேலை, ஆனால் இரண்டு இடத்தில் கவனம்

பதிவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆவணங்களைப் பதிவேற்றி முடித்த தேதியை வைத்துத்தான் உங்கள் வரிசை கணக்கிடப்படும். ஆகவே ஒரு காகிதத்துக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று, கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நாலைந்து வருடம் உயிரோடு இருக்க வேண்டும். இருவருடைய எண்ணையும் கொடுங்கள். நாங்கள் கணவரின் இரண்டாவது சிம் எண்ணைக் கொடுத்தோம். அதன் விளைவை ஏழாவது படியில் சொல்கிறேன்.

இரண்டு, கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சிரிக்காதீர்கள், எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படிச் செய்தார்.

5. வீட்டாய்வு: சமூகப் பணியாளர் வரும் நாள்

ஆவணங்கள் சேர்ந்ததும் 60 நாளுக்குள் வீட்டாய்வை முடிக்க வேண்டும் என்பது விதி. தத்து மையத்தின் (குழந்தைகளை வைத்துப் பராமரித்து, தத்துக் கொடுக்க அரசு அங்கீகரித்த இல்லம்) சமூகப் பணியாளர் வருவார், அல்லது பாதுகாப்பு அலகு அனுப்புபவர் வருவார். கட்டணம் 6,000 ரூபாய். ரசீது வாங்குங்கள். இந்த அறிக்கை 3 வருடம் செல்லும்.

எல்லோரும் பயப்படுவது இந்தப் படிக்குத்தான். நானும் பயந்தேன். முந்தின நாள் வீடு முழுக்கக் கழுவி, புதுத் திரைச்சீலை மாட்டி, பாதாம் அல்வாகூடக் கிண்டினேன். வந்தவர் ஹாலைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய், தண்ணீர்த்தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சமையலறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க, நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போடுவீங்க?" என்று கேட்டார்.

எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். குழந்தை இல்லாததற்கு எடுத்த சிகிச்சைகள், அதை நிறுத்தியது யார், நிறுத்தியதில் இருவருக்கும் சம்மதமா, கடன் எவ்வளவு, நான் வேலைக்குப் போனால் குழந்தை யாரிடம் இருக்கும், கோபம் வந்தால் கை ஓங்குவோமா என்று எல்லாம் கேட்டார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, பெத்தவ யாருன்னு தெரியாத பிள்ளைக்கு உங்க கையால சோறு ஊட்டுவீங்களா?"

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஊட்டுவேன். ஆனா தத்துப் பிள்ளைன்னு ஊருக்குள்ள சொல்ல வேணாம். பிள்ளைக்கும் தெரிய வேணாம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன், எல்லாம் போச்சு என்று. அவர் அதைக் குறித்துக்கொண்டு, எரிச்சலே இல்லாமல் அரை மணி நேரம் மாமியாரிடம் பேசினார். பதினைந்து வயதில் பக்கத்து வீட்டுக்காரர் வாயால் உண்மை தெரியவந்த பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே கதைபோலச் சொல்லி வளர்த்தால் அது ஒரு செய்தியாகவே இருக்காது என்றார். இரண்டாவது முறை வந்தபோது மாமியாரிடம்தான் முதலில் பேசினார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் எங்களுக்கு மதிப்பெண் போட வரவில்லை. எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் சார்பில், அதற்குப் பெண் பார்க்க வருவதுபோல, வீடு பார்க்க வந்திருக்கிறார். அவரிடம் நல்ல பெயர் வாங்க நடிக்காதீர்கள். கடன் இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒருவருக்கு இன்னும் முழு மனது வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பின்னால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அது கதவைச் சாத்திக்கொண்டு அழுதாலும் நீங்கள் கூப்பிடப் போகிற எண் அவருடையது.

அறிக்கை பாதகமாக வந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம்.

6. காத்திருப்பு: இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்

இந்தியா முழுக்கப் பதிந்து காத்திருக்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். தத்துக்குத் தகுதி பெற்றிருக்கும் குழந்தைகள் அதில் ஒரு சிறு பங்கு. அந்தக் குழந்தைகளிலும் கைக்குழந்தை குறைவு. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் ஆரோக்கியமான குழந்தை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் மூன்று, மூன்றரை வருடம் சாதாரணம்.

"இல்லங்கள்ல எவ்வளவு பிள்ளைங்க இருக்காங்க, குடுக்க மாட்டேங்கறாங்களே" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஆதரவற்றவர்கள் கிடையாது. பலருக்கு அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றவர்களைத் தேடி, பத்திரிகையில் அறிவித்து, காவல்துறை அறிக்கை வாங்கி, அதன் பிறகே குழந்தைகள் நலக் குழு தத்துக்குத் தகுதி என்று அறிவிக்கும். 2 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், மேலே என்றால் நாலு மாதம் இதற்கான காலம். பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அவசரப்படாமல் இருப்பதே அந்தக் குழந்தைக்குச் செய்யும் நியாயம்.

எங்கள் வீட்டாய்வு மூன்று வருடம் முடிந்து காலாவதியானது. புதுப்பிக்க வந்தவரும் அதே சமூகப் பணியாளர்தான். "ஏன் ரெண்டு வயசுக்குள்ளயே வேணும்னு நிக்கறீங்க?" என்றார். எங்களிடம் இருந்த பதில், சின்ன வயதில் வந்தால்தான் நம்மோடு ஒட்டும் என்பது. அவர் வாதாடவில்லை. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் தத்து மையத்தில் என்ன செய்வார்கள் என்று மட்டும் சொன்னார். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் தலைவாரிக்கொண்டு வந்து வரிசையாக நிற்பார்களாம். தங்கள் கையில் இருந்த குட்டிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கார் போய்விடுமாம்.

அன்று இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. ஒரு வாரம் கழித்து 6 முதல் 8 வயது வரை என்று மாற்றிக்கொண்டோம். மாற்றிய சில மாதத்திலேயே அழைப்பு வந்தது.

எல்லோரும் பெரிய குழந்தைதான் எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரக்கத்தில் முடிவு செய்தால் ஆறு மாதத்தில் அது கரைந்துவிடும். நேரமும் பொறுமையும் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

காத்திருக்கும் காலத்தில்தான் புரோக்கர்கள் வருவார்கள். "ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை இருக்கு, நோட்டரிகிட்ட பத்திரம் எழுதிக்கலாம்" என்பார்கள். முறையில்லாமல் குழந்தையை வாங்கினாலும் கொடுத்தாலும் இளைஞர் நீதிச் சட்டம் 80ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. பணம் கைமாறினால் 81ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை கடுங்காவல். பத்திரத்தாள் உங்களைக் காப்பாற்றாது, குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள்.

7. அழைப்பு வந்தால் 48 மணி நேரம்

குழந்தையின் புகைப்படம், வளர்ச்சி அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் இணையதளத்தில் தெரியும். உங்களுக்கு என்று ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம்தான். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றையும் விட்டால் ஒரு வருடம் மறுபடி பதிய முடியாது.

எங்கள் முதல் அழைப்பு அந்த இரண்டாவது சிம்முக்கு வந்தது. ரீசார்ஜ் செய்யாமல் எண் செத்துப்போய் மூன்று மாதம். மின்னஞ்சலை நான் நான்காவது நாள் பார்த்தேன். பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்கு அதற்குள் வேறு வீடு கிடைத்திருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். ஒரு வாய்ப்பு கணக்கில் கழிந்தது. அடுத்ததுக்காக வாரம் இரண்டு முறை இணையதளத்தில் நுழைந்து பார்க்க ஆரம்பித்தோம். நீங்கள் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

ஒதுக்கிய பிறகு 30 நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குள் மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் மகளின் அறிக்கையில் எடை குறைவு, ரத்தசோகை என்று இருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "கீரையும் முட்டையும் குடுங்க, ஆறு மாசத்துல சரியாயிடும்" என்றார்.

அந்தப் புகைப்படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். இந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். என் நாத்தனாரிடம்கூட நான் போனைக் கொடுக்கவில்லை, அதற்கு அவர் இரண்டு மாதம் பேசவில்லை. சரி, பரவாயில்லை.

8. சந்திப்பும், வீட்டுக்கு அழைத்து வருவதும்

பெரிய குழந்தை என்றால் போகும் முன் ஒரு ஆல்பம் செய்து அனுப்புங்கள். சமூகப் பணியாளர் கேட்டதால் நாங்கள் பன்னிரண்டு படம் அனுப்பினோம். எங்கள் முகம், வீட்டு வாசல், அவள் படுக்கப்போகும் கட்டில், கழிவறை, தெரு. கழிவறைப் படம் எதற்கு என்று நான் யோசித்தேன். ராத்திரியில் எங்கே போகவேண்டும் என்பதுதான் பிள்ளைகளின் முதல் பயமாம். தத்து மையத்தின் பணியாளர் அந்த ஆல்பத்தை ஒரு வாரம் அவளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாங்கள் போனபோது அவள் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அந்த நாய் பேர் என்ன?" வாசல் படத்தில் எதிர்வீட்டு நாயும் விழுந்திருந்தது.

5 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதத்தையும் கேட்பார்கள். அவள் "சரி" என்று சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் லாட்ஜில் தங்கினோம். ஒரே நாளில் கூட்டிக்கொண்டு திரும்பலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.

குழந்தைப் பராமரிப்பு நிதி என்று 50,000 ரூபாயைத் தத்து மையத்துக்குச் செலுத்த வேண்டும். இதுதான் பெரிய தொகை. இதற்கு மேல் நன்கொடை என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட 10 நாளுக்குள் குழந்தை உங்களோடு வரலாம். மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு வரும்வரை இதைத் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்பார்கள்.

முதல் மாதம் அவள் பொம்மை மாதிரி நல்ல பிள்ளையாக இருந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். எங்களை ஆன்ட்டி, அங்கிள் என்றாள். இரண்டாவது மாதம் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டும் பாதிச் சப்பாத்தியும் எறும்போடு கிடைத்தன. நான் திட்டப் போனேன். அதற்கு முன் சமூகப் பணியாளருக்குப் போன் போட்டதுதான் நல்லதாகப் போயிற்று. "ஒரு டப்பா வாங்கி அவ பேர் எழுதிக் குடுங்க. அதுல எப்பவும் பிஸ்கட் இருக்கணும். தீர்ந்தா கேக்காமயே நிரப்புங்க" என்றார். மூன்று மாதத்தில் அவளே டப்பாவை மறந்துவிட்டாள். அதற்கு அப்புறம்தான் அடம், அழுகை, கதவு சாத்தல் எல்லாம் ஆரம்பம். அதைக் கேட்டு அவர் சிரித்தார். "இப்பதான் உங்களை நம்ப ஆரம்பிச்சிருக்கா."

இல்லத்தில் அவளை வளர்த்த அக்காவோடு வாரம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். பழைய உறவை வெட்டினால்தான் நம்மோடு ஒட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சு நின்றால்தான் அவள் படுக்கையை நனைத்தாள்.

விடுப்பை முன்கூட்டியே கணக்குப் பண்ணுங்கள். பெரிய குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கு என் அலுவலகத்தில் தனி விடுப்பு இல்லை. ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்து நாற்பது நாள் எடுத்தேன், அதுவும் போதவில்லை.

9. ஆட்சியர் உத்தரவு, பிறப்புச் சான்றிதழ், ஆதார்

2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைப் போடுவது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். தத்து மையமே பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பிக்கும், இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வக்கீல் வேண்டியதில்லை. நாங்கள் ஒருநாள் மட்டும் மூடிய அறையில் ஆஜரானோம், பத்து நிமிடம் ஆனது.

உத்தரவு வந்ததும் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர்கள் ஆகியவற்றை அலுவலகத்திலேயே நின்று படியுங்கள். எங்கள் உத்தரவில் கணவர் பெயரில் ஒரு எழுத்து பிழை. திருத்தம் வாங்க ஆறு வாரம். அந்த உத்தரவை வைத்துத்தான் நீங்கள் பெற்றோர் என்று பிறப்புச் சான்றிதழ் வாங்குவார்கள், பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான் ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாம். முதல் காகிதத்தில் ஒரு கொம்பு பிசகினால் கடைசிவரை பிசகும்.

உத்தரவு வரும் முன்பே பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தால், தத்து மையத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

10. இரண்டு வருடத் தொடர் வருகை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம். வருகைக்கு 2,000 ரூபாய். ஆக, வீட்டாய்வு 6,000, பராமரிப்பு நிதி 50,000, நாலு வருகைக்கு 8,000 என்று அதிகாரபூர்வச் செலவு 64,000. பயணம், லாட்ஜ், சான்றிதழ் அலைச்சல் என்று எங்களுக்கு மேற்கொண்டு பதினெட்டாயிரம் போனது.

வருகையின்போது குழந்தையோடு தனியாகப் பேசுவார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்காதீர்கள், நான் நின்றேன். சரிப்பட்டு வரவில்லை, தாங்க முடியவில்லை என்றால் அதையும் இவர்களிடம் சொல்லுங்கள். ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வார்கள். மூடி மறைத்து வளர்க்கும் வீட்டில்தான் குழந்தைக்கு ஆபத்து.

நாலாவது அறிக்கை முடிந்ததும் பலர் ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். வளர்ந்த பிறகு தன் வேரைத் தேட குழந்தைக்கு உரிமை உண்டு, 18 வயதுக்குப் பிறகு அவளே விண்ணப்பிக்கலாம். வளர்ச்சி அறிக்கை, மருத்துவ அறிக்கை, உத்தரவு, ரசீதுகள் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். எங்கள் பீரோவில் ஒரு நீல ஃபைல் இருக்கிறது. அதன் பக்கத்தில், அவள் வந்த அன்று போட்டிருந்த மஞ்சள் கவுனும் தோள்பட்டையில் ஊக்கு குத்தியபடியே மடித்து வைத்திருக்கிறது.